நீளமான பூச்சி

தம்பி,

இதை வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அனுப்புவதை நீ வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்கிறாய் என்றும், அந்த வேகத்தில் என் குரல் டின்னுக்குள் மாட்டிய எலி பேசுவதுபோல இருக்கிறது என்றும் மெர்சி சொல்லிவிட்டாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் எதையும் ஒளிக்கமாட்டாள் என்று தெரிந்ததில் சந்தோஷம்தான். போனில் பேசலாம் என்றால், நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு சொல்கிறாய். எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தால் எனக்கு மலாய் வந்துவிடுகிறது. அப்புறம் எதற்குப் பேச ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத்து இது. ஒற்று விட்டுப்போயிருந்தால் நீயே போட்டுக்கொள். கடிதத்தை யாரும் வேகமாக ஓடவிட முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு இருக்கிற தைரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் நீ மூன்று படங்களைப் போட்டாய். மூன்றிலும் ஒரே பாம்பு. தன் வாலைத் தானே வாயில் கவ்விக்கொண்டு வளையமாகக் கிடக்கிற பாம்பு. முதல் படத்தில் அது காப்பு மாதிரி மணிக்கட்டுக்கு மேலே மெல்லிசாகச் சுற்றியிருந்தது. இரண்டாவதில் செதில் செதிலாக, கண்ணெல்லாம் வைத்து, உன் இடது முன்கையில் இருக்கிற தழும்பு மொத்தத்தையும் மூடிக்கொண்டு படுத்திருந்தது. மூன்றாவதில் தழும்பைத் தொடாமல், அதன் ஓரத்தை ஒட்டியே வளைந்து போயிருந்தது, குட்டைக்குக் கரை கட்டினதுபோல. கீழே நீ எழுதியிருந்தாய்: 'சனிக்கிழமை ஜொகூர் பாரு கடைல பச்சை குத்த நேரம் வாங்கியாச்சு. எது நல்லாருக்கு, சொல்லுங்க. எனக்கு ரெண்டாவது.' நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள், உன் அம்மா அடுப்படியில் நின்றபடியே தன் போனில் பார்த்துவிட்டாள். அடுப்பை அணைத்தாள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், அவள் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டாள் என்று வந்தது. குரூப்பில் இருந்ததே நாம் மூன்று பேர். அதில் ஒருத்தி போய்விட்டால் மீதி இருப்பதற்குப் பெயர் குரூப் இல்லை, தகராறு.

உடனே நீ போன் போட்டாய்.

"அம்மா ஏன்பா போய்ட்டாங்க?"

"கை தவறிப் பட்டிருக்கும்டா."

"சும்மா சொல்லாதீங்கப்பா. பச்சை குத்துனா ரௌடின்னு நெனக்கிறாங்க, அதானே?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன என்ன? சின்ன வயசுலேர்ந்து என் கைய மறைச்சுத்தானே வச்சாங்க? தீபாவளிக்கு எல்லாப் பசங்களுக்கும் அரைக்கை, எனக்கு மட்டும் முழுக்கை. வேர்த்து ஊத்தும். இப்ப நானே அழகா மறைச்சுக்கிறேன் லா. அதுக்கும் கோவமா அவங்களுக்கு?"

பதில் தெரியாதபோது எனக்கு வருகிற கோபம்தான் ரொம்பப் பெரிய கோபம். "சுக்கா ஹாத்தி லா! உன் இஷ்டம்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அன்றிலிருந்து நீயும் பேசவில்லை, அவளும் உன் பேச்சை எடுக்கவில்லை. நாங்கள் இருக்கிற செடெனாக்குக்கும் நீ இருக்கிற பெர்மாஸ் ஜெயாவுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சை குத்துவதைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் கிடையாது. என் புஜத்தில் இருக்கும் புலியை நீ அறிவாய். சாஆ என்கிற ஊரில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்த இளவட்டக் காலத்தில், கோயில் திருவிழாக் கடைகளுக்கு ஓரமாக ஒருவன் பேட்டரியில் ஓடும் ஊசியோடு உட்கார்ந்திருந்தான். புலி கேட்டேன். அவனுக்குப் புலி வரையத் தெரியாது என்பது ஊசி இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும். கல்யாணமான புதிதில் உன் அம்மா ஆசையாகத் தொட்டுப் பார்த்து, "ஏங்க, நீங்க பூனை வளர்த்தீங்களா?" என்று கேட்டாள். இப்போது தோல் தொய்ந்து, அந்தப் புலிக்குத் தொந்தியும் விழுந்துவிட்டது. போன வருடம் கூலாய் பக்கம் ரோட் பிளாக்கில் ஒரு போலீஸ்காரப் பையன் என் சட்டைக் கையை ஏற்றச் சொன்னான். டார்ச் அடித்துப் பார்த்தான். "அண்ணே, இனி ஹரிமாவ் கா, குச்சிங் கா?" என்றான். புலியா பூனையா என்று சட்டப்படி கேட்கிறான். நான் "குச்சிங் லா, துவான்" என்று ஒப்புக்கொண்டேன். சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். உன் பாம்பைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கமாட்டார்கள் தம்பி. நம் பையன்கள் கையில் பாம்போ டிராகனோ இருந்தால், எந்தக் கும்பல் என்றுதான் முதலில் யோசிப்பார்கள். நீ ஏர்கான் பெட்டி கழற்றி மாட்டுகிற வேலைக்குத் தினமும் சிங்கப்பூர் போய் வருகிறவன். இது எனக்கு ஒரு கவலைதான். ஆனால் இதற்காக நான் பேப்பரும் பேனாவும் வாங்கவில்லை.

அந்தப் பாம்பைப் பற்றி நீ அனுப்பியிருந்த இணையப் பக்கத்தையும் படித்தேன். நான் ஓட்டுகிற ஸ்கூல் வேனில் பிள்ளைகள் ஏறுவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில், கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் ஏற்றி இறக்கிப் படித்தேன். எகிப்து தேசத்து ராஜாக்களின் கல்லறையில் இந்தப் பாம்பு இருக்கிறதாம். கிரேக்கர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்களாம், அது என் வாயில் நுழையவில்லை. தங்கம் செய்யப் பார்த்தவர்கள் இதையே வரைந்து வைத்துக்கொண்டு அடுப்பு ஊதினார்களாம். தொடக்கமும் முடிவும் ஒன்று என்று ஒரு அர்த்தம். சாவிலிருந்து பிறப்பு வருகிறது என்று ஒன்று. சட்டையை உரித்துப் புதிதாகிறது என்று ஒன்று. காவல் காக்கும் என்று ஒன்று. தன்னைத் தானே தின்று தன்னைத் தானே வளர்க்கிறது என்று ஒன்று. வேறு சாப்பாடு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'கல்யாணத்துக்கு முன்னாடி இந்தக் கதைய முடிச்சுடணும்பா. கடிச்சதையே கைல வச்சுக்கிட்டா அப்புறம் அதப் பாத்து வெக்கப்பட வேணாம்ல' என்று எழுதியிருந்தாய். நீ வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டிருக்கிறோம்.

அடுத்த நாள் மெர்சியின் அப்பா போன் செய்தார். அவர் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு பிடிக்கிறவர், தெரியுமே. "சம்பந்தி, பீடத்துக்கு முன்னால மாப்பிள்ளை பாம்போட நிக்கப் போறாராமே? ஏதேன் தோட்டத்துல ஒண்ணு பண்ணுன வேலையே இன்னும் தீரல" என்றார். "கோட் போட்டுக்குவான் சம்பந்தி, பாம்பு உள்ளதான் இருக்கும்" என்றேன். "உள்ள இருக்கறதுதானே சம்பந்தி பயம்" என்றார். நல்ல மனிதர், என்னைவிட நன்றாகப் பேசுகிறார் என்பதைத் தவிர வேறு குறை இல்லை. அதற்குள் மெர்சி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமா, அப்பா பாதிதான் சொல்றாங்க. வேதத்துல இன்னொரு பாம்பும் இருக்கு. பாலைவனத்துல ஜனங்கள பாம்பு கடிச்சுது. அப்ப வெண்கலத்துல ஒரு பாம்பு செஞ்சு கம்பத்துல வச்சாங்க."

"எந்தக் கம்பத்துலம்மா?" என்றேன். எனக்கு மலாய்க்காரர் கிராமத்தைச் சொல்வோமே, அந்தக் கம்பம்தான் ஞாபகத்துக்கு வந்தது, தென்னை மரமும் ஆட்டுக்குட்டியுமாக.

"அலமாக், மாமா! கொடிக் கம்பம் மாதிரி! ஒசரத்துல தூக்கி வச்சாங்க. கடிபட்டவங்க அத நிமிந்து பாத்தா பொழச்சாங்க. அவ்வளவுதான் மருந்து. பாக்கணும்."

நர்ஸ் வேலை பார்க்கிற பெண் என்பதால் இன்னொன்றும் சொன்னாள். வேறு இடத்துத் தோல் எடுத்து ஒட்டுப்போட்ட இடத்தில் மை ஒரே மாதிரி பிடிக்காதாம், புண்ணாகவும் வாய்ப்பு உண்டாம். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க மாமா. தோல் டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள். அவள் சொல்வதைக் கேட்கிற பழக்கத்தைக் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டால் வலி குறையும்.

ஆனால் அவள் சொன்ன மற்றது என்னை விடவில்லை. கடிபட்டவர்கள் பார்த்தால் பிழைத்தார்கள் என்றாளே, அது. நம் வீட்டில் கடிபட்டது நீ ஒருவன்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி நினைக்கும்படி கதை சொன்னது நான். உனக்குத் தெரிந்த கதையில் பாம்பு உன்னைக் கடிக்கிறது, அன்றைக்கு நீ தின்ற, பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங்கின் இனிப்பு உன் ரத்தத்தில் இருந்ததால் அதற்குத் தலை சுற்றுகிறது, அது ஆஸ்பத்திரிக்குப் போகிறது, நீயும் போகிறாய், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நீ கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் கிடந்தபோது உன்னைச் சிரிக்கவைக்கச் சொன்ன கதை அது. நீ சிரித்தாய். அப்புறம் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மை எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

நீ பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாய். அப்போது நாம் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வரவில்லை, தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் செம்பனை மட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். உன் பந்து அதற்குள் உருண்டுபோனது, நீ கையை விட்டு எடுத்தாய். அம்மா அப்போதுதான் சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்புகிறாள். நீ ஓடி வந்து, "அம்மா, பூச்சி கடிச்சிருச்சு" என்றாய். முன்கையில் ஒரு கீறல், ஒரு புள்ளி, அவ்வளவுதான் இருந்தது. அம்மா சுண்ணாம்பு தடவினாள். நான் வேலை முடிந்து வந்து, அதற்கு மேலே தைலத்தையும் தேய்த்து, "ஒரு பூச்சிக்கா அழுவுறே, ஆம்பளப் பயல்" என்றேன். பெரிய வைத்தியன். காலையில் கை வீங்கியிருந்தது. தோட்டத்துக் கிளினிக்கில் இருந்தவர் என்ன ஆனது என்று மலாயில் கேட்டார். 'செராங்கா' என்றேன், பூச்சி என்று. அவர் அரிப்புக்கு மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். பூச்சி என்று சொன்னால் யார்தான் வேறென்ன கொடுப்பார்கள்? நடுப்பகலில் உன் கை முழங்கைவரை கறுத்துக் கொப்புளம் கட்டிவிட்டது. உன் கண் இமை தானாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. தோட்டத்து லாரியில் உன்னை அம்மா மடியில் போட்டுக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு ஓட்டினேன்.

அங்கே ஒரு சீன டாக்டரம்மா உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன பூச்சி என்று கேளுங்கள்" என்றார். நான் உன் பக்கம் குனிந்தேன்.

"என்ன பூச்சிடா தம்பி? செவப்பா, கறுப்பா?"

"கறுப்பு."

"றெக்கை இருந்துச்சா?"

"இல்லப்பா."

"பூரானா? நெறய காலு இருந்துச்சா?"

"காலே இல்லப்பா." கொஞ்சம் யோசித்தாய். "நீளமான பூச்சி."

"டேய், பாம்பாடா?" என்று கேட்டேன். நீ என் வாயைப் பொத்தப் பார்த்தாய். அந்த வீங்கின கையைத் தூக்க முடியாமல் மற்றக் கையால் பொத்தப் பார்த்தாய். "சொல்லாதீங்கப்பா. சொன்னா வந்துரும். அம்மா சொன்னாங்க."

உன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில், பச்சைத் திரைச்சீலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். அப்புறம் எத்தனையோ முறை அந்த முகத்தை மறக்கப் பார்த்தேன்.

நம் தோட்டத்து வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான் அது. விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று சொல்லக் கூடாது, சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் பூச்சி என்று சொல்ல வேண்டும். நான் சொல்லியிருக்கிறேன், என் முதலாளி சொல்லியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அம்மா உனக்கு அதைப் பாலோடு சேர்த்து ஊட்டினாள். நீ எதையும் மறக்காத பிள்ளை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதனால் பூச்சி என்றாய். நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்குத்தான் அந்த நேரத்தில் அது புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை, ஆனால் நான் மறக்கத் தெரிந்தவன். உயிர் பிழைத்தாய். கையில் செத்துப்போன சதையை வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். டாக்டரம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் உன் அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போனது என்று நினைக்கிறேன். யாராவது திட்டியிருந்தால் அழுதிருப்பாள்.

இப்போது யோசித்துப் பார். அதற்கு அப்புறம் அவள் வாயில் பூச்சி என்ற சொல்லை நீ கேட்டிருக்கிறாயா? கையில் ஏதாவது கடித்தது என்று நீ வந்து நின்றால் என்ன செய்வாள்? "எறும்பா, கொசுவா, குளவியா? சரியா சொல்லு. கண்ணால பாத்தியா?" என்று உலுக்கி எடுப்பாள். "அம்மா சயன்ஸ் டீச்சர் ஆயிட்டாங்க" என்று நீ கேலி செய்வாய், நானும் சேர்ந்து சிரிப்பேன். கரப்பானைக் கரப்பான் என்பாள், பல்லியைப் பல்லி என்பாள். பாம்பை மட்டும் எந்தப் பெயராலும் சொல்லமாட்டாள், பகலிலும் சொல்லமாட்டாள். டிவியில் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். முழுக்கைச் சட்டை கதையும் அதுதான். நீ அரைக்கை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு தீபாவளிக்கு நான் அரைக்கைச் சட்டை வாங்கி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா, நீலத்தில் கட்டம் போட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "அவன் கைய நீட்டிப் பலகாரம் வாங்குவான்ல. நான்தானே குடுக்கணும்" என்றாள். உன் கையைப் பார்த்து அவள் அசிங்கப்பட்டாள் என்று நினைத்து நீ வளர்ந்திருக்கிறாய். அந்தக் கைக்கு முன்னால் நிற்கத்தான் அவளுக்கு முகம் இல்லை.

இதை அவளிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. எதையும் சிரிப்பாக்கிவிடத் தெரிந்தவனுக்கு இருக்கிற கெட்ட பழக்கம் அது. சிரிப்பாக்க முடியாதது வந்தால் வேன் கழுவப் போய்விடுவேன். ஆனால் நீ 'கைய மறைச்சுத்தானே வச்சாங்க' என்று கேட்டதும், மெர்சி 'பாக்கணும்' என்று சொன்னதும் இரண்டு பக்கமும் நின்று என்னை இடித்துக்கொண்டே இருந்தன. நேற்றுச் சாயந்திரம் அம்மா விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் அவளுக்கு எதிரில் நானும் உட்கார்ந்து, நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தீபாவளிச் சட்டை, வேர்த்து ஊற்றியது, எல்லாவற்றையும்.

"அப்படியா நெனச்சுக்கிட்டிருக்கான்?" என்றாள்.

"ஆமா."

"இத்தன வருஷமாவா?"

"ஆமா."

"நான் வெறுக்கறேன்னா?"

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள், ஈரமே இல்லாத கையை. பிறகு கையை நீட்டி, "போனக் குடுங்க" என்றாள். உன் மூன்று படங்களையும் எடுத்துக் கொடுத்தேன். முதல் படத்தைப் பார்த்தாள். இரண்டாவதைச் சட்டென்று தள்ளிவிட்டாள். மூன்றாவதில் நிறுத்தினாள். தழும்பை மூடாத படம். இரண்டு விரலால் பெரிதாக்கி, தலையிலிருந்து ஆரம்பித்து உடம்பைச் சுற்றி வந்து மறுபடி தலைக்கே வந்தாள். மறுபடி ஒரு சுற்று போனாள். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"இந்தப் பாம்பு," என்றாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தம்பி. அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை, கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"இந்தப் பாம்போட வாயில வாலு இருக்கு. அப்ப கடிக்க முடியாதுல்ல?"

நான் அந்தப் பக்கத்தில் எல்லா அர்த்தத்தையும் படித்தேன். எகிப்தையும் கிரேக்கத்தையும் சுற்றி வந்தேன். இது அதில் இல்லை. "முடியாது" என்றேன். அதற்குள் என் மூக்கு அடைத்துவிட்டது, ஜலதோஷம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவள் நம்பவில்லை.

"அப்ப குத்திக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அத நானா சொல்றது? அவன் கை" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆனா ரெண்டாவது வேணாம். மூடுனா அங்க என்னமோ இல்லாத மாதிரி ஆயிரும். எனக்கு அது இருக்கு" என்றாள்.

குரூப்பில் திரும்பச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் உனக்கு எழுதினால் அது இன்னொரு ஐஸ் கச்சாங் கதை. சரியாகவில்லை. நேற்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நீ இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாய் என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. ஒரு தாய் சொல்லிக்கொடுத்ததால்தான் இது நடந்தது என்று நீ சொல்லிவிடுவாயோ என்று. நீ சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் சொன்னால் அவளுக்குப் போதாது, நீ சொல்ல வேண்டும்.

இதை உனக்கு அனுப்பிய பிறகு பத்திரிகைக்கும் அனுப்பட்டுமா என்று அவளைக் கேட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அனுப்புங்க. வேற வீட்டுலயும் புள்ளைங்களுக்கு இப்படித்தான் சொல்லி வச்சிருப்பாங்க. பேரு மட்டும் போடாதீங்க" என்றாள். அதனால்தான் இதில் உன் பெயரும் இல்லை, எங்கள் பெயரும் இல்லை. மெர்சி மட்டும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். நர்ஸ்களுக்குப் பயம் கிடையாது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு ஒன்றுதான் தெரியும், அதையும் இந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். மெர்சியிடம் எதையும் பூச்சி என்று சொல்லாதே. உடம்பு சரியில்லை என்றால் எங்கே வலிக்கிறது என்று சொல். கோபம் என்றால் 'டயர்டா இருக்கு' என்று சொல்லாதே, கோபம் என்று சொல். பயமாக இருந்தால் என்னைப்போல் ஜோக் அடிக்காதே. அதன் பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்று நாங்கள் பயந்தோம். அது ஏற்கெனவே வந்து கடித்துவிட்டுப் போயிருந்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுண்ணாம்பு தடவுவது.

சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு முறை வீட்டுக்கு வா என்று சொல்கிறேன். காஸ்வே பாலத்து நெரிசல், வேலை, எல்லாம் தெரியும், எப்படியாவது வா. விளக்கு வைத்த பிறகு வா. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா. அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, "என்னைக் கடிச்சது என்னம்மா?" என்று கேள். அவள் சொல்லட்டும். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே, சமாதானம் செய்யாதே, என்னையும் ஜோக் அடிக்க விடாதே. அப்புறம் அவள் சோறு போடுவாள். கையை நீட்டி வாங்கிக்கொள்.

அவள் என்ன வாங்கி வரச் சொல்கிறாள் என்று போன் போட்டுக் கேட்காதே. ஒன்றும் வேண்டாம். கையை வீசிக்கொண்டு வா.

அப்பா